முதல் இலை வைத்த கை

வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாகவல்லி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. புள்ளைங்க வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் கையிலிருக்கும் கரண்டியை நீட்டியே வழி காட்டிவிடுவார். இத்தனைக்கும் அந்த வீட்டில் தூளி கட்டுகிற வயசில் ஒரு குழந்தை கிடையாது. நாகவல்லிக்கு ஒரே மகள். அவளையும் ஆவடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஊர் சொன்ன புள்ளைங்க பின்பக்கத்துக் கூரை அறையில் மூங்கில் தட்டுகளில் மல்பரி இலை தின்றுகொண்டு கிடந்த பட்டுப்புழுக்கள்தான்.

புழு என்ற சொல்லை அந்த வீட்டில் வாயில் எடுக்கக் கூடாது. அது அழுகலைச் சொல்கிற பேச்சு, சொன்னால் அப்படியே பலித்துவிடும் என்று நாகவல்லிக்கு நம்பிக்கை. புள்ளைங்க தூங்குது, புள்ளைங்களுக்குப் பசி, இப்படித்தான் பேச்சு. புள்ளைங்க பொரித்த நாளிலிருந்து கூடு கட்டுகிற வரைக்கும் அடுப்பில் கருவாடு ஏறாது. தலையில் பூ வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போக முடியாது. வாசற்படியில் சுண்ணாம்பு கலந்த தண்ணீர்ச் சட்டி இருக்கும், அதில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே. நாகவல்லியின் புருஷன் தங்கவேலுக்கு பீடி வேண்டுமென்றால் புளியமரத்தடி வரைக்கும் நடக்க வேண்டும். மாமியார் வீட்டில் கூட இவ்வளவு அடங்கி இருந்ததில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. முட்டை ஒட்டிய அட்டையிலிருந்து எறும்பு மாதிரிக் கறுப்பாகப் பொரித்து வருகிற காலையில், பொடிசாக நறுக்கிய முதல் இலையை ராசியான கைதான் தூவ வேண்டும். அந்தக் கையைப் பொறுத்துத்தான் விளைச்சல். நாகவல்லி இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் அவள் கைதான் அந்தக் கை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் அந்த வழக்கம் தப்பியது. ஆவடியில் மகளுக்கு வளைகாப்பு. தாய்வீட்டுச் சீர் தூக்கிக்கொண்டு நாகவல்லி போயிருந்தாள். முட்டை பொரிக்க நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் போனாள். வெயில் முன்னாடியே உறைக்க ஆரம்பித்திருந்ததால் புள்ளைங்க முந்திக்கொண்டு வந்துவிட்டன. வீட்டில் இருந்த பொம்பளை முனியம்மா மட்டும்தான்.

முனியம்மா தங்கவேலின் தங்கை. அவள் புருஷனைக் குமணன்சாவடி முனையில் லாரி அடித்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு ஒரு துணி மூட்டையோடு வந்து சேர்ந்தவள், புள்ளைங்க அறையையே தன் இடமாக்கிக்கொண்டாள். வளைகாப்புக்கு அவளை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கோழி இறகால் பொடிப்புள்ளைங்களை அட்டையிலிருந்து தட்டுக்குத் தள்ளுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. நாகவல்லி தள்ளினால் நாலு நசுங்கும், முனியம்மா தள்ளினால் ஒன்று கூட நசுங்காது. இது நாகவல்லிக்கே தெரியும். ஆனால் இறகு பிடிக்கிற கை வேறு, முதல் இலை தூவுகிற கை வேறு.

"அண்ணி வர்ற வரிக்கும் பட்னியா கெடக்குமா அதுங்க? நீயே தூவு" என்று தங்கவேல்தான் சொன்னான். முனியம்மா தயங்கித் தயங்கித் தூவினாள்.

சாயந்திரம் ஆவடியிலிருந்து திரும்பிய நாகவல்லி, பையைக் கூடக் கீழே வைக்காமல் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தட்டு முழுக்கக் கறுப்புப் பொடியாக உயிர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இலை தன் கையால் விழவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"எந்தப் பக்கத்து எலைமே பறிச்ச?"

"சோளத்தாண்ட கீற வரிசை அண்ணி. நீ தானே சொல்லிட்டுப் போன."

"அத்தத்தான் கேட்டேன்."

நாகவல்லியின் மல்பரித் தோட்டம் ஜெயராமன் வீட்டு நிலத்தில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர். மேற்கே மல்லித் தோட்டம். அங்கே மொட்டுக்கு மருந்து அடிப்பார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மருந்து மல்பரி இலையில் படியும். முன்பு ஒருமுறை அப்படி ஒரு தட்டு முழுக்கச் செத்துப் போயிருக்கிறது. அதிலிருந்து நாகவல்லி ஒவ்வொரு கைப்பிடி இலையையும் மோந்து பார்க்காமல் கூடையில் போடமாட்டாள். மருந்துக்கு வாடை உண்டு. வாடை இல்லையென்றால் மருந்து இல்லை. இது அவள் சட்டம்.

கிழக்கே அந்த வருஷம்தான் மக்காச்சோளம் வந்தது. ஒரு விதைக் கம்பெனி ஜெயராமனிடம் நிலத்தை எடுத்து முள்வேலி போட்டுச் சோதனைக்காக விதைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல், சில நாள் விட்டு ஒரு பாத்தி, இன்னும் சில நாள் விட்டு ஒரு பாத்தி என்று போட்டார்கள். அதனால் ஒரு பாத்தியில் பூ முடிகிறபோது அடுத்த பாத்தியில் தலை நீட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் மூடியதிலிருந்து சும்மா இருந்த தங்கவேலுக்கு அந்த வயலில் காவல் வேலை கிடைத்தது. ஒரு கதிர் வெளியே போகக் கூடாது, ஒரு சோளத்தட்டை மாட்டுக்குப் போகக் கூடாது. அதற்குத்தான் காவல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதை நாகவல்லி மறக்கவேயில்லை.

"சோக்கான பயிருமே அது. மருந்தே அடிக்கத் தேவல்லியாம். செடியே மருந்தாம். தண்டைத் தொளைக்க வர்ற புழு ஒரு கடி கடிச்சா அங்கியே காலி. அந்த ஆபீசரு வீரராகவன் சாரு சொல்றாரு."

"ஊட்டுக்குள்ள அந்தப் பேச்ச எடுக்காத."

"சோளத்துப் புழுவத்தாம்மே சொல்றேன்."

"எதுவா இருந்தாலும் வெளிய போய் சொல்லு. அப்போ அந்தப் பக்கம் ஸ்ப்ரே மிஷினே வராதா?"

"வரவே வராது."

நாகவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மேற்குப் பக்கம் வருஷம் பூராவும் பயந்து செத்தவள், கிழக்கே இப்படி ஒரு அண்டை வீட்டுக்காரன் கிடைத்தானே என்று கும்பிட்டாள். அன்றிலிருந்து பொடிப்புள்ளைங்களுக்கு இளந்தழை எல்லாம் சோளத்தை ஒட்டின வரிசையில்தான். சோளத்துக்குப் பாய்ச்சின தண்ணீர் கசிந்து அந்த வரிசை தளதளவென்று நின்றது.

முதல் இலை தூவிய மறுநாள் காலையில் முனியம்மா கூடையோடு வந்து நின்றாள்.

"அண்ணி, சோளத்தாண்ட கீற எலையெல்லாம் மஞ்சளா தூசு ஒக்காந்துகினு கீது. ஒதறினாலும் போவ மாட்டேங்குது. துணி போட்டுத் தொடச்சிக் குடுக்கட்டா?"

"தொடச்சா எலை கன்னிப்பூடும். கன்னிப்போன எலைய குட்த்தா வவுறு கெடும் அதுங்களுக்கு. மோந்து பாத்தியா?"

"பாத்தேன். மருந்து வாடை இல்ல. மாவு வாடை மாரி கீது."

"சோளத்துப் பூ கொட்டுது, அவ்ளோதான். மஞ்சள்தானே, நல்லதுக்குத்தான்."

கத்தியை எடுத்து இலையை மயிரிழை மாதிரி நறுக்கினாள். மஞ்சள் பொடி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, புள்ளைங்க தின்பதை நிறுத்தின. முதல் தூக்கத்துக்குப் போகிறதாக்கும் என்று நினைத்தாள். தூக்கத்துக்குப் போனால் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், எழுந்ததும் தோலை உரித்துவிட்டுப் பசியோடு தேடும். இவை தலையைத் தூக்கின, ஆனால் எழுந்திருக்கவில்லை. இறகால் தொட்டால் துவண்டன. மறுநாள் கறுத்துச் சுருங்கிப் போயின. தட்டு தட்டாக நாகவல்லி அள்ளிக் குழியில் கொட்டினாள். ஏதோ கொஞ்சம் மட்டும் தப்பிக் கிடந்து, இலையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது ஒரு தட்டுக்குக் கூடக் காணாது.

பட்டு ஆபீசிலிருந்து வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பால் வடிகிற நோய் இல்லை, சுண்ணாம்பாக இறுகுகிற நோயும் இல்லை என்றார். கொஞ்சத்தை ஒரு குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டார். அறையை நன்றாகக் கழுவி மருந்துப்புகை போடச் சொன்னார். குப்பியைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் வரவில்லை. அவர் மேல் தப்பில்லை, மாற்றல் ஆகிவிட்டதென்று கேள்வி.

அன்றைக்கே ஜெயராமன் வீட்டுப் பொன்னம்மாள் வேலியோரம் நின்று விசாரித்தாள். துக்கம் கேட்கத்தான் வந்தாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு வரவில்லை.

"ஏன் நாகு, இந்தத் தபா மொத எலை யாரு கையால வெச்சது?"

நாகவல்லி திரும்பி நடந்தாள். ஆனால் கேள்வி அவளோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்படியில் கூட உட்கார்ந்தது, பாயில் கூடப் படுத்தது. உழைத்தது வீணாய்ப்போன ஆத்திரம் ஒரு பக்கம். காரணம் தெரியாத பயம் இன்னொரு பக்கம். பயத்துக்கு ஒரு முகம் கிடைத்தால் ஆத்திரத்துக்கு வசதி. நாகவல்லி கெட்டவள் இல்லை, ஆனால் அந்த வசதி அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது.

பங்குனி வெயில். ஜன்னல்களில் தொங்கிய ஈரக் கோணி அரை மணியில் காய்ந்து முறுகியது. முனியம்மா சும்மா இருக்க மாட்டாமல் காலித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"முனிமா, அட்த்த முட்டை வாங்கியாறலாம்னு கீறேன்" என்றாள் நாகவல்லி.

"சரி அண்ணி."

"அது பொரிக்கிற அப்போ நீ இங்க இருக்க வாணாம்."

முனியம்மா கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்க போவறது?"

"காட்டுப்பாக்கத்துல உன் பெரிய அண்ணன் இல்லியா. கன்னியப்பனுக்கும் நீ தங்கச்சிதானே."

"எத்தினி நாளைக்கு?"

"அத்த இப்போ இன்னா சொல்றது."

"அண்ணி, நான் வேணும்னு தூவல. அண்ணன் சொன்னாரு, அதுங்க பசியில ஆடுச்சி."

"உன்ன யாரு வேணும்னு செஞ்சன்னு சொன்னது? சில கைக்கு சிலது ஆவாது. அவ்ளோதான்."

"இந்த அஞ்சு வருசமா இதே கை தானே அண்ணி அதுங்களத் தூக்கி வெச்சிது."

"தூக்கி வெக்கறது வேற."

முனியம்மா கடைசித் தட்டையும் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். தங்கவேல் திண்டாடிப் போனான். தங்கச்சி பக்கம் பேசினால் பெண்டாட்டி, பெண்டாட்டி பக்கம் பேசினால் தங்கச்சி. ஒரு பக்கமும் பேசாமல் வயலுக்குப் போய்விட்டான். முதல் பாத்தியில் கதிர் முற்றிக் காய்ந்து நின்றது. அதில் நாலைந்தை ஒடித்து வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்தான். தான் காவல் காத்த பொருளைத் தானே திருடினான். முனியம்மா கிளம்பும்போது அவள் துணி மூட்டையில் செருகினான்.

"அண்ணன் ஊட்டாண்ட நட்டு வையி. புழுவே உழாது. மருந்துச் செலவு இல்ல."

வெறுங்கையோடு தங்கையை அனுப்பக் கூடாது என்பதற்கு அந்த நேரத்தில் அவனுக்குக் கிடைத்தது அதுதான். முனியம்மா இன்னொரு கையில் ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவை வைத்திருந்தாள். அதில் என்ன என்று நாகவல்லி கேட்கவில்லை. கேட்கிற முகம் அவளுக்கு இல்லை.

சித்திரையில் புது அட்டை பொரித்தது. நாகவல்லி விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவை மாற்றி, சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, தன் கையாலேயே முதல் இலை தூவினாள். இலை கிழக்கு வரிசை இலை. ஒவ்வொரு கைப்பிடியும் மோந்து பார்த்த இலை. தூவிவிட்டுத் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நாள் தின்றன, இரண்டாம் நாளும் தின்றன. நாகவல்லிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதோடு ஒரு கசப்பான நிம்மதி. அப்படியானால் முனியம்மா கைதான் காரணம், நாம் செய்தது சரிதான் என்று. அடுத்த நாள் காலையில் தலைகள் தூக்கியிருந்தன. இறகால் தொட்டாள். துவண்டது. பக்கத்துத் தட்டு. அதுவும் துவண்டது. அறையில் சத்தமே இல்லை. வழக்கமாய் வளர்ந்த புள்ளைங்க தின்கிற சத்தம் கூரையில் தூறல் விழுகிற மாதிரி வெளியே கேட்கும். அந்தச் சத்தம் வருகிற வயசை அவை எட்டவேயில்லை.

நாகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. யார் மேல் போடுவது என்று மனசு தேடியது. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

மூலையில் அடித்தட்டு ஒன்று இருந்தது. அதைக் கடைசியாகத்தான் இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். அதில் புள்ளைங்க நெளிந்தன. கறுப்பு வெளுத்துக் கொழுத்து, இலை நரம்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று தீர்த்து, இன்னும் கொடு என்று தலையை ஆட்டின. அதே அட்டை, அதே அறை, அதே கை. என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். இலை பற்றாமல் போனதால் அந்தத் தட்டுக்கு மட்டும் கிணற்றடி மல்பரி மரத்திலிருந்து பறித்துப் போட்டு வந்திருந்தாள். கிணற்றடி வீட்டுக்குப் பின்னால், சோளத்துக்கு எட்டாத மறைவில் இருந்தது.

வெளியே வந்து கிழக்கு வரிசைக்கு நடந்தாள். அடுத்த பாத்தியில் சோளம் பூத்துத் தலை விரித்திருந்தது. ஒரு காற்று அடித்தது. பூவிலிருந்து மஞ்சள் புகையாகக் கிளம்பி, வேலியைத் தாண்டி, மல்பரி மேல் இறங்கியது. ஓர் இலையைக் கிள்ளி மூக்கில் வைத்தாள். மாவு வாடை. மருந்து வாடை துளியும் இல்லை. புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது காதில் வந்தது. செடியே மருந்து. செடியே மருந்து என்றால் செடியின் பூ?

செத்த தட்டு ஒன்றையும் கிணற்றடி இலை தின்ற தட்டையும் எடுத்துக்கொண்டு முள்வேலிக் கதவுக்குப் போனாள். தங்கவேலும் வீரராகவனும் ஜீப் நிழலில் நின்றிருந்தார்கள். வீரராகவன் இளைஞன். அதட்டிப் பேசத் தெரியாதவன், மரியாதையானவன்.

"சாரு, இந்தத் தட்டு உங்க வேலியாண்ட பறிச்ச எலை துன்னது. இது கெணத்தாண்ட பறிச்சது துன்னது. பாருங்க."

வீரராகவன் குனிந்து பார்த்தான். நிமிர நேரமாயிற்று.

"அம்மா, இந்தப் பயிரு மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆடு மாட்டுக்கும் ஒண்ணும் பண்ணாது. தண்டைத் துளைக்கிற புழுவை மட்டும்தான்…"

"என் ஊட்டுல கீறது இன்னா சாரு, ஆடா மாடா?"

தங்கவேல் அவளைப் பார்த்தான். அவள் அடுத்துச் சொன்ன சொல்லை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை.

"இதுவும் புழுதான் சாரு. புழுதான்."

வீரராகவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "பக்கத்து நிலத்துல மல்பரி இருக்குன்னு தெரியும்மா. செடின்னு குறிச்சுக்கிட்டோம். அதை யாரு திங்கறாங்கன்னு கேக்கல. இது இதனாலதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. மேலே எழுதறேன்."

எழுதினானோ இல்லையோ, கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. வேலிக்குள் இருந்த சோளத்தையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். சோதனை முடிந்துவிட்டது, முடிந்தால் கொளுத்துவதுதான் முறை என்றார்கள். நாகவல்லி தட்டோடு போனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. புகை இரண்டு நாள் ஹைவே வரைக்கும் நின்றது. ஜீப் அப்புறம் வரவில்லை, தங்கவேலுக்கு வேலையும் இல்லை.

"எத்தையும் வெளிய வுடக் கூடாதுன்னு சாம்பலக் கூட மண்ணு போட்டு மூடிட்டானுங்கமே" என்றான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

காட்டுப்பாக்கம் போக நாகவல்லிக்கு வைகாசி பாதி ஆகிவிட்டது. இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனாள். மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லாத வாய். என்ன சொல்வது என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கன்னியப்பன் வீடு போரூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு நீளச் சந்தில் கடைசி வீடு. முனியம்மா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடி முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னா அண்ணி, இவ்ளோ தூரம்."

"உன்ன இட்டுகினு போலாம்னு வந்தேன்."

முனியம்மா கல் பொறுக்கினாள்.

"தப்பு என்து தான் முனிமா. உன் கை இல்ல. அந்தச் சோளத்துப் பூவு. அந்த மஞ்சத் தூசு. நீ தொடச்சிக் குடுக்கட்டான்னு கேட்ட. நான் தான் வாணாம்னேன். ரெண்டாவது தபா நானே தூவுனேன், அதுவும் பூட்ச்சு. கெணத்தாண்ட எலை துன்னது மட்டும் தான் நின்னுச்சி."

"ரெண்டாவது தபாவும் செத்துச்சா."

"செத்துச்சு."

"நீ தூவுனதா?"

"நான் தான். தலைக்கு ஊத்திகினு, சாமி கும்பிட்டு, என் கையால."

முனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

"அண்ணி, அதுங்க பொயச்சிருந்தா?"

பிழைத்திருந்தால் இந்த வாசலுக்கு நாகவல்லி வந்திருக்க மாட்டாள். சாகிற வரைக்கும் முனியம்மாவின் கை ராசியில்லாத கையாகவே இருந்திருக்கும். சொம்புத் தண்ணீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"உள்ள வா அண்ணி. உனக்கு ஒண்ணு காட்றேன்" என்று முனியம்மாதான் எழுந்தாள். முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

பின்பக்கம் ஓர் இருட்டு அறை. ஒரே ஜன்னல். அதன் கீழே, கால்களைச் சுண்ணாம்புத் தண்ணீர்க் கொட்டாங்குச்சிகளில் நிறுத்தின பலகை மேல், ஒரு மூங்கில் தட்டு. தட்டில் கறுப்புப் பொடியாகப் புள்ளைங்க ஓடின. நேற்றோ இன்றோ பொரித்தவை.

"அந்த மொதத் தபாவுல தப்பிச்சிதே கொஞ்சம், அத்த டப்பாவுல எத்துகினு வந்தேன். இங்க சந்து முனையில ஒரு ஊட்டுல மல்பரி மரம் கீது, அவுங்கள கேட்டுப் பறிச்சேன். கூடு கட்டிச்சி. கூட்ட வேக வெக்க மன்சு வரல. பூச்சி வெளிய வந்து முட்டை வெச்சிது. இதோ பாரு. காலைல தான் மொத எலை தூவுனேன்."

நாகவல்லி குனிந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு உயிரோடு ஓடுகிற புள்ளைங்களைப் பார்க்கிறாள். கையை நீட்டி முனியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஜன்னல் திட்டில் மறு கையை ஊன்றினாள்.

ஊன்றிய கையில் ஏதோ நறநறத்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை மஞ்சள்.

ஜன்னலுக்கு வெளியே, வேலியோரம், அவள் உயரத்துக்குச் சோளம் நின்றது. ஓர் இலையில் கூட ஓட்டை இல்லை. முதல் பூ அன்று காலையில்தான் விரிந்திருக்க வேண்டும்.

"இது… எங்க கெடச்சிது?"

"நான் கெளம்பறப்போ அண்ணன் குட்த்தாரே, அந்தக் கதிருதான். உனக்குத் தெரியாதா?" என்ற முனியம்மா, அண்ணியின் கையைப் பார்த்தாள். அப்புறம் சோளத்தைப் பார்த்தாள். வாசலில் கேட்ட பேச்சும் கண்ணில் படுவதும் ஒன்றாகச் சேர்ந்தபோது அவள் முகம் வெளுத்தது.

இருவரும் ஓடினார்கள். நாகவல்லி சோளத்தட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசைத்த அசைப்பில் மஞ்சள் அவள் தலையில் கொட்டியது. முனியம்மா பூத்த தலைகளை முதலில் ஒடித்து முந்தானையில் போட்டு மூடினாள். கடைசிச் செடி வேரோடு வந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. நாகவல்லி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"இவ்ளோதானே?"

முனியம்மா பக்கத்து வீட்டு வேலியைக் காட்டினாள். அங்கேயும் சோளம் நின்றது. அதற்கு அடுத்த வீட்டிலும். சந்து நெடுக, குழாயடி வரைக்கும், வேலிக்கு வேலி பச்சைத் தலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பல தலைகள் விரிந்துவிட்டிருந்தன.

"தண்ணி புடிக்கப் போற எடத்துல எல்லாரும் கேட்டாங்க. புழு உழாதுன்னு சொன்னேன். அல்லாருக்கும் நான் தான் குட்த்தேன் அண்ணி, இந்தக் கையால" என்றாள் முனியம்மா. "ஒரு வெத கூட மொளைக்காம போவல."

சந்துக்குள் காற்று திரும்பியது. நாகவல்லி அறைக்குள் ஓடி ஜன்னலைச் சாத்தப் பார்த்தாள். ஒரு கதவுதான் இருந்தது. இன்னொன்று என்றைக்கோ கழன்று போயிருந்தது. புடவைத் தலைப்பை அவிழ்த்து அந்தப் பாதியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.